விளக்கு எரிந்தது, தண்ணீர் உறைந்திருந்தது: 17 கோழிகளின் ஒரு குளிர்காலம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

வீட்டுக்குப் பின்னால் சிறிய கொட்டகையில் 16 பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்க்கும் ஒரு குடும்பத்தில் நடந்தது இது. கோழிகளைப் பார்த்துக்கொள்பவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நடந்ததை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுப்பா, வேற யாரோட கோழியாவது தப்பிக்கட்டும்" என்று சொன்னவர் அவர்தான்.

கொட்டகை மரத்தால் கட்டியது, சுமார் 3 மீட்டருக்கு 2 மீட்டர். தரையில் மரத்தூளும் வைக்கோலும் கலந்த ஆழ்கூளம், கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் காற்றுத் திறப்புகள், வெளியே கம்பிவலை அடித்த முற்றம். குடும்பத்துக்கு இது கோழிகளோடு இரண்டாவது குளிர்காலம். முதல் வருடம் குளிர் லேசாகத்தான் இருந்தது. காலையில் தண்ணீரின் மேல் மெல்லிய ஒரு படலம் இருக்கும், விரலால் தட்டினால் உடைந்துவிடும். இந்த முறை இரவில் மைனஸ் 12, மைனஸ் 15 டிகிரி, பகலிலும் பூஜ்யத்தைத் தாண்டாமல் வாரக்கணக்கில் நின்றது.

தண்ணீருக்கு இருந்தது வழக்கமான பிளாஸ்டிக் டிரிங்கர், மேலே குடம் மாதிரி கவிழ்ந்திருக்கும், கீழே சுற்றிலும் ஒரு குறுகிய விளிம்புத் தொட்டி. அது கொட்டகைக்கு உள்ளே இருந்தது. குளிர்காலத்தில் பகல் குறைவதால் முட்டை குறையாமலிருக்க, அக்கா விளக்குக்கு டைமர் போட்டிருந்தார்: விடியற்காலை 4 மணிக்கு எரியும், வெளிச்சம் வந்ததும் அணையும். கூடுதல் வெளிச்சத்தைக் காலையில் கொடுத்தால் மாலையில் கோழிகள் இயல்பாக அடைந்துவிடும் என்பதால் பலரும் இப்படித்தான் வைப்பார்கள், அதில் தவறில்லை. அக்கா கொட்டகைக்குப் போவது 7:15 மணிக்கு, 7:45க்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார், திரும்புவது மாலை 5:15. பள்ளியிலிருந்து பையன் 3:30க்கு வருவான். இந்த நேரங்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நடந்ததெல்லாம் இவற்றைச் சுற்றித்தான்.

முதல் பத்து நாட்கள்

கடும் குளிர் தொடங்குவதற்கு முன் நாளைக்கு 11, 12 முட்டை வந்துகொண்டிருந்தது. நான்காம் நாள் 9, ஏழாம் நாள் 7, பத்தாம் நாள் 5. தீவனமும் மிச்சமாக ஆரம்பித்தது. குளிரில் கோழி அதிகம் தின்ன வேண்டும், இங்கே தலைகீழாக இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, தீவனம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மக்காச்சோளத்தைக் கூட்டினார். அதையும் இரண்டு நாள் தின்றுவிட்டு விட்டுவிட்டன.

தண்ணீர் உறைவது அவருக்குத் தெரியாமல் இல்லை. தினமும் காலையில் பனிக்கட்டியை உடைத்தார், கெட்டிலில் கொதிக்கவைத்து ஊற்றினார். ஒருநாள் அப்படி ஊற்றும்போது டிரிங்கரின் அடித்தட்டு பட்டென்று விரிசல் விட்டது, அதற்கு மேல் டேப் ஒட்டி ஓட்டினார். கொதிநீர் ஏன் உதவவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம். அதாவது ஒரு லிட்டர் கொதிநீர் ஒன்றேகால் கிலோ பனியை உருக்குவதற்குள் தன் சூட்டையெல்லாம் இழந்துவிடும். மிச்சமிருப்பது பூஜ்யம் டிகிரித் தண்ணீர்தான், மறுபடி உறைய அதற்கு ஒரு டிகிரிகூட இறங்க வேண்டியதில்லை. உறைந்த பாத்திரத்தில் ஊற்றாமல், பனியைத் தட்டிக் கொட்டிவிட்டுக் காலிப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றியிருந்தால் அதே கெட்டில் பல மடங்கு நேரம் தாங்கியிருக்கும்.

அப்புறம் பிங்பாங் பந்துகள். தண்ணீரில் மிதக்கவிட்டால் அசைந்துகொண்டே இருந்து உறையவிடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திறந்தவெளியில் காற்று அடிக்கிற இடத்தில், பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே என்றால் கொஞ்சம் பலன் இருக்கும். கொட்டகைக்குள் காற்றே இல்லை, அசைக்க யாருமில்லை. மறுநாள் காலை பந்துகள் பனியில் பதிந்து கிடந்தன. உப்புத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மிதக்கவிட்டும் பார்த்தார். பாட்டிலுக்குள் இருக்கும் கெட்டியான உப்புக் கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது என்பது உண்மைதான். ஆனால் அது உறையாமல் இருப்பதால் வெளியே இருக்கும் தண்ணீருக்கு ஒரு துளி வெப்பமும் கிடைப்பதில்லை, அதுவும் சேர்ந்து மைனஸ் 10க்குக் குளிர்ந்துபோய்த் திரவமாகவே இருக்கும், அவ்வளவுதான்.

பாட்டில் பலிக்காததால் உப்பைக் குடிதண்ணீரிலேயே கலக்கலாமா என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். அக்கா அதைச் செய்யவில்லை, நல்ல காலம். கோழிக்கு உப்பு விஷமாகும். உறையாமலிருக்கும் அளவுக்கு உப்பு சேர்த்தால் அது கோழி குடித்து உயிரோடு இருக்கிற தண்ணீராக இருக்காது. வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்பான் திரவம் அதைவிட மோசம், கொட்டகைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பதினோராம் நாள் எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, பகல் குறைஞ்சா முட்டை குறையும்னு எல்லாரும் சொல்றாங்க, நான்தான் லைட் போட்டிருக்கேனே, அப்புறம் ஏன்?" என்றார். தண்ணீர் எப்படி என்று கேட்டேன். "காலைல போனதும் முதல் வேலையே அதுதான், ஊத்தினதும் நல்லா குடிக்குதுங்க" என்றார். அந்த 'நல்லா குடிக்குதுங்க'வை நான் அன்று சரியாகக் காதில் வாங்கவில்லை. ஒரு கோழி தண்ணீரைப் பார்த்ததும் பாய்ந்து குடிக்கிறது என்றால் அது தாகத்தோடு காத்திருந்தது என்று அர்த்தம்.

விடியற்காலையில் பார்த்தது

அந்த வார இறுதியில் அவர்கள் வீட்டில் தங்கி, விடியற்காலை 3:45க்குக் கொட்டகைக்குள் போய் மூலையில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே மைனஸ் 5, வெளியே மைனஸ் 13. சரியாக 4 மணிக்கு விளக்கு எரிந்தது. ஐந்து நிமிடத்துக்குள் முதல் பெட்டை கம்பிலிருந்து இறங்கியது, கால் மணி நேரத்தில் எல்லாமே கீழே. நேராகத் தீவனத்துக்குப் போயின. நன்றாகவே தின்றன, ஒரு ஐந்து பத்து நிமிடம். அப்புறம் ஒவ்வொன்றாக டிரிங்கருக்கு வந்தன.

தொட்டியில் இருந்தது முழுப் பனிக்கட்டி. அதன் மேல் கொத்தும் சத்தம் டொக், டொக் என்று அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது. ஒரு சாம்பல் நிறப் பெட்டை கொத்திவிட்டு, தண்ணீர் வாயில் வந்ததுபோலத் தலையை மேலே தூக்கியது, தொண்டையை அசைத்தது, திரும்பக் குனிந்து கொத்தியது. இப்படி பதினோரு தடவை எண்ணினேன். கோழிகளால் நம்மைப்போல உறிஞ்சி விழுங்க முடியாது, அலகில் அள்ளித் தலையை உயர்த்தித்தான் இறக்க வேண்டும், அந்த அசைவு அவற்றுக்குப் பழக்கம். வாயில் ஒன்றுமில்லாமலே அது அந்த அசைவைச் செய்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

4:40க்கெல்லாம் தீவனத் தட்டை விட்டு எல்லாம் விலகிவிட்டன. அந்தப் பெட்டையைப் பிடித்துத் தீனிப்பையைத் தடவிப் பார்த்தேன், மணல் பை மாதிரி கெட்டியாக, உலர்ந்து இருந்தது. தீவனத்தில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான். அதை ஊறவைத்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் இல்லாவிட்டால் கோழி தின்பதை நிறுத்திவிடும். தீவனம் மிச்சமானதற்குக் காரணம் அதுதான், தீவனத்தில் குறையே இல்லை.

7:15க்கு அக்கா தண்ணீர் கொண்டுவந்தார். வைத்ததும் தள்ளுமுள்ளு. பெரிய பெட்டைகள் நான்கைந்து விளிம்பைச் சுற்றி நின்றுகொண்டு மற்றதை நெருங்கவிடவில்லை. அவை நகர்ந்து அடுத்த அடுக்கு வந்து குடித்து, கடைசியில் பயந்து ஒதுங்கி நின்ற சின்னவை வருவதற்குள் முக்கால் மணி நேரம் போயிருந்தது, அதற்குள் விளிம்பில் மறுபடி படலம் கட்டத் தொடங்கியிருந்தது. இந்த மாதிரி டிரிங்கரின் வம்பே இதுதான். குடத்துக்குள் பல லிட்டர் தண்ணீர் இன்னும் திரவமாக இருக்கும், ஆனால் கோழி குடிக்கிற இடம் மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஆழமில்லாத ஒரு வளையம், அதுதான் முதலில் உறையும். உறைந்ததும் உள்ளே இருப்பதும் கீழே இறங்காது.

அன்று முழுக்க டிரிங்கரைத் தராசில் வைத்து எடை பார்த்தோம், காலையில் ஒரு தடவை, பையன் மதியம் புதுத் தண்ணீர் ஊற்றும்போது ஒரு தடவை, இருட்டியதும் ஒரு தடவை. 17 கோழிகளும் சேர்ந்து குடித்தது 1.6 லிட்டர். குளிர்காலத்தில் முட்டையிடும் பெட்டை நாளைக்குச் சுமார் 200 மில்லி குடிக்கும், தின்னும் தீவனத்தின் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியானால் இங்கே வேண்டியது 3.4 லிட்டர். பாதிக்கும் குறைவு. 60 கிராம் முட்டை ஒன்றில் மட்டும் கிட்டத்தட்ட 40 கிராம் தண்ணீர் இருக்கிறது, அந்தத் தண்ணீர் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

முற்றத்தில் பனி குவிந்து கிடக்கிறதே, கொத்தித் தின்னாதா என்று அக்காவின் கணவர் கேட்டார். கொத்தும், ஆனால் போதாது. 200 கிராம் பனியைத் தின்று அதை உடம்புக்குள் உருக்கி 41 டிகிரிக்கு, அதாவது கோழியின் உடல் சூட்டுக்குக் கொண்டுவர சுமார் 24 கிலோகலோரி செலவாகும். ஒரு நாள் தீவனத்திலிருந்து அதற்குக் கிடைப்பது 300 சொச்சம். குளிரைத் தாங்கவே சக்தி போதாமல் இருக்கிற கோழியிடம் அதில் ஒரு பங்கைத் தண்ணீருக்காகப் பிடுங்கக் கூடாது.

ஆக, பிரச்சினை என்னவென்று அந்தக் காலையில்தான் பிடிபட்டது. விளக்கு இல்லாத கொட்டகையில் கோழிகள் வெளிச்சம் வரும்வரை கம்பில் அடைந்திருக்கும், இருட்டில் குடிக்காது, இரவெல்லாம் தண்ணீர் உறைந்து கிடந்தாலும் நஷ்டமில்லை. இங்கே விளக்கு 4 மணிக்கு அவற்றை எழுப்பிவிட்டு, உலர்ந்த தீவனத்தைத் தின்னவைத்து, மூன்றேகால் மணி நேரம் பனிக்கட்டியின் முன்னால் நிறுத்தியிருந்தது. விளக்குக்கு டைமர் இருந்தது, தண்ணீருக்கு இல்லை.

முதல் முடிவும் அதன் விளைவும்

இதைப் புரிந்துகொண்ட பிறகும் நான் சொன்ன முதல் யோசனை தவறானது. அக்கா பகலில் ஒன்பதரை மணி நேரம் வீட்டில் இல்லை, அதனால் எந்நேரமும் உறையாமல் இருக்கிற ஏற்பாடு வேண்டும் என்று, உலோக டிரிங்கர் ஒன்றும் அதன் அடியில் வைக்கும் 125 வாட் சூடேற்றும் தட்டும் வாங்கச் சொன்னேன். தெர்மோஸ்டாட் உள்ளது, குளிர் பூஜ்யத்தை நெருங்கினால் தானாக எரியும், நாள் முழுக்க எரிந்தாலும் 3 யூனிட்தான். பழைய பிளாஸ்டிக் டிரிங்கரை அதன் மேல் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லியிருந்தேன், அது சரி. ஆனால் அதைக் கொட்டகைக்குள்ளேயே, பழைய இடத்திலேயே வைத்தோம்.

தண்ணீர் உறையவில்லை. இரண்டாம் நாளே 3.8 லிட்டர் குடித்தன, அக்காவுக்குப் பெரிய நிம்மதி. நான்காம் நாள் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பனி படர்ந்திருப்பதாகச் சொன்னார். ஆறாம் நாள் சேவலின் கொண்டை நுனிகள் வெளுத்துப்போயிருப்பதாகப் படம் அனுப்பினார். எட்டாம் நாள் அவை கறுத்துவிட்டன. பனிக்கடி.

போய்ப் பார்த்தபோது கதவைத் திறந்ததுமே மூக்கில் அமோனியா ஏறியது. ஈரப்பதமானி 88 சதவீதம் காட்டியது. டிரிங்கரைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கூளம் நசநசவென்று ஈரம், குனிந்து கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. சூடான திறந்த தண்ணீர் இரவு பகலாக ஆவியாகிக்கொண்டே இருந்தது, கோழிகள் சிந்தியது வேறு. 17 கோழிகளின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் வருகிற ஈரமே அதிகம், அதற்கு மேல் இது. குளிர் உள்ளே வராமலிருக்க அக்கா கூரைக்குக் கீழிருந்த திறப்புகளில் துணி அடைத்திருந்தார், அதனால் ஈரம் வெளியேற வழியே இல்லை. உலர்ந்த குளிரைக் கோழி நன்றாகவே தாங்கும், இறகைப் புடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் கொண்டையும் தாடியும் போகும். சேவலுக்குத் தாடி நீளம், குடிக்கும்போதெல்லாம் தண்ணீரில் நனைந்து நனைந்து அதன் நுனியும் வீங்கியிருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சூடேற்றும் தட்டுக்கு மின்சாரம் வந்தது வீட்டுக்குள் பயன்படுத்தும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில், பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடம் வைக்கோலுக்குள் புதைந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது. உடனே பிடுங்கினேன். உலர்ந்த வைக்கோல், மரத்தூள், தூசி, மரக் கொட்டகை. அந்த இளஞ்சூடு இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும். முதல் நாளே வயரைப் பார்க்காதது என் பிழை, தண்ணீரை உள்ளே வைக்கச் சொன்னதும் என் பிழை.

இரண்டாவது முடிவு

அன்று மாலை சமையலறையில் உட்கார்ந்து, நான், அக்கா, அவர் கணவர், பையன் நான்கு பேரும் பேசினோம். தண்ணீர் கொட்டகையை விட்டு வெளியே போக வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. முற்றத்தின் ஒரு ஓரத்தில் சாய்வுக் கூரை இருந்தது, அங்கே காற்று வரும் பக்கம் பலகை அடித்து மறைத்து, சூடேற்றும் தட்டையும் டிரிங்கரையும் கல்லின் மேல், கோழியின் முதுகு உயரத்துக்கு வைத்தோம். வெளியில் பயன்படுத்தத் தகுந்த தடித்த வயர் போட்டு, இணைப்பை வைக்கோலிலிருந்து தூரத்தில் மூடிய பெட்டிக்குள் தொங்கவிட்டு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.டி.யையும் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்தினார்கள்.

ஆனால் அதோடு முடியவில்லை. தண்ணீர் வெளியே, கோழி உள்ளே, விளக்கு 4 மணிக்கு என்றால் பழைய கதைதான். விளக்கையே நிறுத்திவிடலாம் என்று கணவர் சொன்னார், குளிர்காலத்தில் கோழி ஓய்வெடுக்கட்டும் என்று. இலையுதிர் காலத்திலேயே விளக்குப் போடாமல் இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். நடுக் குளிர்காலத்தில் திடீரென்று பல மணி நேர வெளிச்சத்தைக் குறைத்தால் இறகு உதிர்க்க ஆரம்பித்துவிடும், மைனஸ் 13ல் இறகில்லாத கோழி என்பது வேறு விபரீதம். அதனால் மொத்த நேரத்தைக் குறைக்காமல் இடத்தை மாற்றினோம்: காலை 4 மணிக்குப் பதில் 6 மணிக்கு எரியும், பகல் வெளிச்சத்தோடு சேர்த்து இரவு 8 வரை நீளும், கடைசி அரை மணி நேரம் மங்கலான சின்ன பல்ப் மட்டும். அந்த மங்கல் வெளிச்சம் இல்லாமல் சட்டென்று அணைத்தால் கோழிகள் தரையிலேயே இருட்டில் மாட்டிக்கொள்ளும், கம்பு தெரியாது. ஒரே நாளில் மாற்றவில்லை, நாளுக்கு 15 நிமிடமாக எட்டு நாளில் நகர்த்தினோம். அந்த எட்டு நாளும் முதல் விளக்கு எரியும் நேரத்துக்கு அக்கா அலாரம் வைத்து எழுந்து தண்ணீர் கொண்டுபோனார், முதல் இரண்டு நாள் விடியற்காலை நாலேகாலுக்கும் நாலரைக்கும். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

மீதி இருந்தது காலை 6 முதல் 7:15 வரையும், மாலை அடைந்ததிலிருந்து 8 வரையும். இருட்டிவிட்டால் வெளியே வந்து குடிக்காது. இதற்கு மூடியுள்ள 8 லிட்டர் வாளி ஒன்றின் பக்கவாட்டில் நான்கு நிப்பிள், அதாவது ஊசியைக் கொத்தினால் மட்டும் தண்ணீர் விடும் சின்ன முனைகள், பொருத்தினோம். அடியில் தொங்குகிற நிப்பிளைவிட பக்கவாட்டு நிப்பிள் உறைவது தாமதமாகும், அதன் ஊசி பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, விளக்கு எரியும்போது உள்ளே மாட்டுவது, கதவு திறந்ததும் எடுத்துவிடுவது, மாலையில் அதே மாதிரி, இரவு 8 மணிக்கு வாளி வீட்டுக்குள் வந்துவிடும். மூடி இருப்பதால் ஆவி கிடையாது, கொத்தினால் மட்டும் தண்ணீர் வருவதால் சிந்துவதும் குறைவு. வெளியே மைனஸ் 13 இருந்தபோதும் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு அது உறையவில்லை. அடைத்த துணியை எல்லாம் உருவி எறிந்தோம், ஈரக் கூளத்தை அள்ளி எடுத்துவிட்டுப் புதிது போட்டோம்.

கோழிகள் நிப்பிளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூன்று நாள் ஆனது. பையன் விரலால் ஊசியைத் தட்டித் தட்டி, ஒரு துளி பளபளவென்று திரண்டு தொங்குகிற மாதிரி வைத்துக் காட்டிக்கொண்டே இருந்தான். அந்தத் துளியைத்தான் சாம்பல் பெட்டை முதலில் கொத்தியது, அப்புறம் அதைப் பார்த்து இன்னொன்று. எல்லாம் பழகும்வரை ஒரு சின்னக் கிண்ணமும் பக்கத்தில் வைத்திருந்தோம், தெரியாத பாத்திரத்தை மட்டும் கொடுத்துத் தாகத்தில் கற்றுக்கொள்ளட்டும் என்று விடுவது கொடுமை.

தொடர்ந்து நடந்தது

மூன்றாம் நாளிலிருந்து குடிக்கும் அளவு 3.3க்கும் 3.6 லிட்டருக்கும் இடையில் நின்றது. தீவனம் ஒரு வாரத்தில் பழையபடி காலியானது. முட்டை அவ்வளவு சீக்கிரம் வரவில்லை, அதில்தான் அக்காவுக்குப் பொறுமை போனது. ஒரு முட்டைக்கான மஞ்சள் கரு முதிர்வதற்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், நின்றுபோன பெட்டை மறுபடி தொடங்க இன்னும் அதிகம். ஒன்பதாம் நாள் 7, பதினான்காம் நாள் 9, மூன்று வாரத்தில் 11. இரண்டு பெட்டைகள் மட்டும் அதற்குள் இறகு உதிர்த்துவிட்டன, அந்தக் குளிர்காலம் முழுக்க அவை முட்டையிடவில்லை. கூட்டத்தில் கடைசியாகத் தண்ணீருக்கு வருகிற சின்னவை அவைதான்.

கொட்டகையின் ஈரப்பதம் நான்கு நாளில் 65 சதவீதத்துக்கு இறங்கியது, கண்ணாடியில் பனி படர்வது நின்றது. சேவலின் கொண்டையைத் தேய்க்கவோ சூடுபடுத்தவோ கறுத்ததை வெட்டவோ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், செத்த பகுதி அடியில் இருக்கிற உயிருள்ள சதைக்கு மூடி மாதிரி. ஒரு மாதத்தில் மூன்று நுனிகள் காய்ந்து தானாக விழுந்தன. தாடியின் வீக்கம் வற்றிவிட்டது.

நடுவில் ஒருநாள் காலை மின்சாரம் போய், ஆறு மணி நேரம் வரவில்லை. அன்றைக்குக் கைகொடுத்தது இரண்டு கறுப்பு ரப்பர் தொட்டிகள். ஒன்று வெளியே, ஒன்று வீட்டுக்குள். வெளியே இருப்பதைப் பழைய டயர் ஒன்றின் நடுவில் வைத்து இடைவெளியில் தெர்மோகோல் துண்டுகளைத் திணித்திருந்தோம், வெயில் படும் இடம் என்பதால் கறுப்பு நிறமும் கொஞ்சம் சூட்டை வாங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றினார்கள். உறைந்ததைக் கவிழ்த்து விளிம்பை இரு கையாலும் முறுக்கினால் அடியிலிருந்து ஒரு விரிசல் சத்தம், அப்புறம் பனி முழு வட்டமாக அப்படியே கழன்று விழும், தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் அன்றே உடைந்திருக்கும்.

மறுபடி செய்வதானால்

முதல் உறைபனி விழும் வாரத்திலிருந்தே தண்ணீரை எடைபோட்டுக் குறித்திருக்க வேண்டும். முட்டையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்ததால் குறைபாடு தெரிய ஒரு வாரம் தாமதமானது. எடை பார்த்திருந்தால் இரண்டாம் நாளே தெரிந்திருக்கும். நிப்பிளை இலையுதிர் காலத்திலேயே, குளிரும் அவசரமும் இல்லாதபோது பழக்கியிருக்கலாம். விளக்கு வைப்பதாக இருந்தால் அது எரியும் நேரத்துக்குத் தண்ணீர் யார் கொண்டுபோவார்கள் என்பதை முதலில் பேசி முடித்துவிட்டு அப்புறம் டைமரைத் திருப்ப வேண்டும், அதற்கு ஆளில்லை என்றால் விளக்கு வேண்டாம், முட்டை வசந்தத்தில் வரட்டும்.

பகலில் வீட்டில் யாராவது இருக்கிற குடும்பமாக இருந்தால் மின்சாரத்தைத் தொடவே சொல்லமாட்டேன், இரண்டு ரப்பர் தொட்டிகளும் காலை, நண்பகல், சாயங்காலம் என மூன்று தடவை வெதுவெதுப்பான தண்ணீரும் 17 கோழிகளுக்குப் போதும். இங்கே சூடேற்றும் தட்டு தேவைப்பட்டது அக்கா வீட்டில் இல்லாத அந்த ஒன்பதரை மணி நேரத்துக்காக மட்டும்தான்.

ஒவ்வொரு கோழிக்கும் குடிக்க இடம் இருக்கிறதா என்பதையும் இனிப் பார்ப்பேன். அடுத்த குளிருக்கு முன் இரண்டாவது நிப்பிள் வாளி ஒன்றை எதிர்ச் சுவரில் மாட்டப்போகிறார்கள், பெரியவை ஒன்றைக் காவல் காத்தாலும் சின்னவை மற்றதில் குடிக்கும். சேவல் மாற்றும்போது கொண்டை தட்டையாக, தாடி சிறிதாக உள்ள இனத்தில் எடுக்கலாம் என்று அக்கா சொல்கிறார், ஆனால் இப்போதிருக்கும் சேவலைக் கொடுக்க மனசில்லை. சாய்வுக் கூரைக்குப் போகும் வயரை மண்ணுக்குள் குழாயில் பதிக்கும் வேலை இன்னும் பாக்கி, நிலம் இறுகுவதற்கு முன் தோண்டிவிட வேண்டும் என்று கணவர் நாள் குறித்திருக்கிறார்.